நிலமும் சொந்தம், நாத்தனாரும் சொந்தம்!

தர்மபுரி பஸ் நிலையத்தில் பென்னாகரம் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. அதை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர் பேச்சுக் கொடுத்தார்.

“ஆயா, பென்னாகரத்திலே சொந்தம் யாராச்சும் இருக்காங்களா?”

பாட்டி சிரித்தார்.

“சொந்தம் ஊர் பூரா இருக்குது தம்பி. சொந்தமாத்தான் ஒண்ணும் இல்லே.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. ஒரே வாக்கியத்தில் ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னார். முதல் முறை அதற்கு மனிதர்கள் என்று பொருள். இரண்டாம் முறை அதற்கு நிலம் என்று பொருள். கேட்டவர்களில் ஒருவருக்கும் குழப்பம் இல்லை!

நாம் நாள்தோறும் பத்து முறையாவது சொல்லும் சொல் “சொந்தம்”. அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்தோமா? வாருங்கள், இன்று யோசிப்போம்.

காபியா, வாடகையா?

“சொந்தக்காரர் வந்திருக்கிறார்” என்று வாசலில் இருந்து குழந்தை குரல் கொடுக்கிறது. வந்தவர் மாமாவாக இருந்தால் அம்மா காபி போட அடுப்படிக்குப் போவாள். வந்தவர் வீட்டுச் சொந்தக்காரராக இருந்தால் அப்பா வாடகைப் பணத்தைத் தேடுவார். சொல் ஒன்றுதான். வரவேற்பு மட்டும் வேறு!

இன்னும் பாருங்கள். “சொந்த வீடு” என்றால் நாம் வாங்கிய வீடு. அதை விற்கலாம், அடகு வைக்கலாம். “சொந்த ஊர்” என்றால்? அந்த ஊரில் நமக்கு ஒரு சாண் நிலம்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அது சொந்த ஊர்தான். அதை யாரும் நம்மிடமிருந்து விலைக்கு வாங்க முடியாது.

“சொந்தக் காலில் நிற்கிறான்” என்றால் பிறர் தயவு இல்லாமல் பிழைக்கிறான் என்று பொருள். “சொந்த புத்தி வேண்டும்” என்றால் பிறர் சொன்னதைக் கேட்டு ஆடக்கூடாது என்று பொருள். “சொந்த அண்ணன்” என்றால் உடன்பிறந்த அண்ணன். பெரியப்பா மகன் இல்லை. “சொந்தம் கொண்டாடுகிறான்” என்றால் உரிமை இல்லாத இடத்தில் உரிமை பேசுகிறான் என்று பொருள். “சொந்தம் விட்டுப் போகக்கூடாது” என்று பெரியவர்கள் சொன்னால், அத்தை மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆக, இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். பொருளோடு சேரும்போது அது உரிமையைச் சொல்கிறது. மனிதரோடு சேரும்போது அது கடமையைச் சொல்கிறது. என் நிலத்தை நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். என் நாத்தனாரை அப்படிச் செய்ய முடியுமா? அவள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் நான்தான் தட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும்!

“எனக்கு” வேறு, “என்னிடம்” வேறு

இந்த வேற்றுமை நம் மொழிக்கு நன்றாகத் தெரியும்.

ஆங்கிலத்தில் “ஹேவ்” என்று ஒரு வினைச்சொல் உண்டு. புத்தகம் இருந்தாலும் அதே சொல். தம்பி இருந்தாலும் அதே சொல். தமிழில் அப்படி ஒரு சொல் கிடையாது. “என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது” என்கிறோம். “எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்” என்கிறோம். மாற்றிச் சொல்லிப் பாருங்கள். “என்னிடம் தம்பி இருக்கிறான்” என்றால், அவன் இப்போது என் வீட்டில் தங்கியிருக்கிறான் என்று பொருள் ஆகிவிடும்.

கையில் இருந்து நாளைக்கு வேறு கைக்குப் போகக்கூடியதை “என்னிடம்” என்கிறோம். கை மாறாத உறவை “எனக்கு” என்கிறோம். இதை நமக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. தாயின் மடியிலேயே படித்துவிட்டோம்.

பழைய இலக்கண ஆசிரியர்கள் இதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். உடைமையைச் சொல்வது ஆறாம் வேற்றுமை. அதை இரண்டாகப் பிரித்தார்கள். “எனது கை” என்றால் கை என்னை விட்டுப் பிரியாது. அது தற்கிழமை. “எனது வீடு” என்றால் வீடு வேறு, நான் வேறு. அது பிறிதின்கிழமை. கிழமை என்றால் இங்கே திங்கள், செவ்வாய் என்று நினைக்க வேண்டாம். உரிமை என்று பொருள்.

இன்னொரு விதியும் உண்டு. “எனது மாடு” என்று எழுதலாம். “எனது மகன்” என்று எழுதுவதைப் பழைய இலக்கணம் ஒப்புக்கொள்வதில்லை. “எனக்கு மகன்” என்று விரித்துப் பொருள் கொள்ளவேண்டும் என்கிறது. ‘அது’ என்ற உருபு அஃறிணைப் பொருளுக்கு உரியது. மனிதருக்கு ஆகாது என்பது விதி. இன்று எல்லோரும் “எனது மகன்” என்று எழுதுகிறோம். அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் விதிக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைப் பாருங்கள். மாட்டை உடைமை என்று சொல்லலாம். மகனை உடைமை என்று சொல்லக்கூடாது!

மாடு என்றால் செல்வம்

மாட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. பழந்தமிழில் “மாடு” என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. வள்ளுவர் அந்தப் பொருளில் அதை ஆண்டிருக்கிறார். நிலத்துக்குப் பத்திரம் இல்லாத காலத்தில், ஒருவன் பணக்காரனா ஏழையா என்பதை அவன் பட்டியில் நின்ற மாடுகளே சொல்லின.

தர்மபுரி வட்டாரத்தில் வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் பழைய நடுகற்கள் பல கிடைத்திருக்கின்றன. தர்மபுரியில் உள்ள அகழ்வைப்பகத்திலும் அவற்றைப் பார்க்கலாம். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன் கல்லில் நிற்கிறான். இவற்றில் பல, மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்தவர்களுக்கு எடுத்த கற்கள். மந்தையைக் கல்வெட்டில் “தொறு” என்று எழுதியிருப்பார்கள். மந்தையை மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு ஊரார் கல் நட்டுப் பெயர் எழுதினார்கள்.

மாடு சொந்தம், அதற்குக் காவல் வில்லும் வாளும். அன்றைய நிலை அது.

காகிதம் வந்தது

பிறகு காகிதம் வந்தது. அந்தக் கதையிலும் தர்மபுரிக்கு முக்கிய இடம் உண்டு.

1792-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் உடன்படிக்கை ஆயிற்று. அதன்படி பாராமகால் என்ற இந்த வட்டாரமும் சேலமும் கும்பினியின் கைக்குப் போயின. வரி வசூலிக்கும் பொறுப்பு கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாளர்களில் ஒருவராக வந்தவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் தங்கி வேலை பார்த்தார்.

இவர்கள் நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள். ஒவ்வொரு வயலையும் உழுகிறவர் யார், அவர் எவ்வளவு வரி கட்டவேண்டும் என்று எழுதினார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு ரயத்துவாரி என்று பெயர். ரயத்து என்றால் உழவர். இங்கே தொடங்கிய முறை பின்னால் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. மன்றோவே 1820-ம் ஆண்டு சென்னை கவர்னர் ஆனார்.

தர்மபுரியில் மன்றோ ஒரு தோட்டம் போட்டிருந்தார். அதன்மேல் அவருக்கு உயிர். 1799-ல் மேற்குக் கடற்கரையில் உள்ள கனராவுக்கு மாற்றல் வந்தபோது, அந்தத் தோட்டத்தைப் பிரிய மனம் இல்லாமல் போனார். ஊரார் நிலத்தையெல்லாம் ஏட்டில் எழுதி வைத்தவரால் தன் தோட்டத்தைக் கூடவே கொண்டுபோக முடியவில்லை!

பட்டா போதுமா?

உழவர் கைக்கு வந்த அந்தச் சீட்டுத்தான் பட்டா. அது எதற்காகப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். “இந்த நிலத்துக்கு வரி கட்டவேண்டியவர் இவர்” என்று காட்டப் பிறந்தது. இன்றைக்கும் பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. பட்டா மட்டும் இருந்தால் நிலம் முழுக்க ஒருவருக்குச் சொந்தம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

அப்படியானால் சொந்தம் என்பதற்கு என்ன அத்தாட்சி? மூன்று விஷயங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது பத்திரம். நிலத்தை விலைக்கு வாங்கினால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவு ஆகவேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி ரேகை உருட்டினால் போதாது.

இரண்டாவது பட்டா. பத்திரம் பதிவானதும் பட்டாவிலும் பெயர் மாறவேண்டும். பழைய சொந்தக்காரர் பெயரிலேயே பட்டா கிடந்தால் பின்னால் தொல்லை. பயிர்க்கடன், நிவாரணம் என்று எதற்குப் போனாலும் முதலில் பட்டாவைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது அனுபவம். நிலம் உண்மையில் யார் கையில் இருக்கிறது, யார் உழுது பயிர் செய்கிறார் என்பது. இதைச் “சுவாதீனம்” என்றும் பத்திரங்களில் எழுதுவார்கள். இதையும் லேசாக நினைக்கக்கூடாது. தனியார் நிலம் ஒன்றை, சொந்தக்காரருக்கு எதிராக, எல்லோரும் அறிய, தன் நிலம் என்றே சொல்லி ஒருவர் 12 ஆண்டுகள் விடாமல் அனுபவித்து வந்தால், சொந்தக்காரர் அதைத் திரும்பக் கேட்கும் உரிமையை இழக்க நேரிடும். 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் இன்னொரு பெயர், வயலில் வேறொரு ஆள் என்று இருந்தால் அங்கே வழக்கு முளைக்கும். மூன்றிலும் ஒரே பெயர் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மஞ்சள் பையில் இருந்தது

பஸ் இண்டூரைத் தாண்டியது. பாட்டி மஞ்சள் பையைத் திறந்து உள்ளே இருந்த காகிதங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். நான் மெல்ல விசாரித்தேன்.

அவருடைய கணவர் கல் உடைத்துச் சம்பாதித்த பணத்தில் இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் வாங்கினார். மழை பெய்தால் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும். ஓரத்தில் இரண்டு புளியமரங்கள். கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. உயில் எழுதவில்லை. பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு மகன்களும் பெங்களூரில் கட்டட வேலை.

“பட்டாவை மாத்தலாம்னு சொன்னா, ‘நீ இருக்கிற வரைக்கும் எல்லாம் உனக்குத்தானேம்மா’ங்கறான் பெரியவன். நல்ல பையன்தான். ஆனா போன வருஷம் மழை இல்லாம கடலை காஞ்சு போச்சு. நிவாரணம் குடுக்கிறாங்கன்னு போனேன். ‘உன் பேர்லே நிலம் இல்லியே ஆயா’ன்னுட்டாங்க. அந்த மண்ணுலே களை புடுங்கினவ நான். என் பேர் எங்கேயும் இல்லே.”

“சொந்தமாத்தான் ஒண்ணும் இல்லே” என்று அவர் சொன்னதன் பொருள் இப்போது எனக்கு விளங்கியது.

மகன் சொன்ன வார்த்தை அன்பான வார்த்தை. அதில் பொய் இல்லை. ஆனால் அது மனிதர்களுக்கு உரிய சொந்தம். நிலத்துக்கு அந்தச் சொந்தம் போதாது. நிலத்துக்குப் பெயர் வேண்டும். அன்பை நம்பிக் காகிதத்தைத் தள்ளிப் போட்ட குடும்பங்களில், பின்னால் காகிதத்துக்காகச் சண்டை வந்து அன்பும் போனது உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

பாட்டியின் நிலையில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு உண்டு. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.

பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கு நீண்டகாலம் மகன்களைப் போன்ற உரிமை இல்லாமல் இருந்தது. தமிழ்நாடு 1989-ம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு மார்ச் 25-ந் தேதிக்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்தது; திருமணம் ஆன மகள்களுக்கும் உரிமை கிடைத்தது. “2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா?” என்ற சந்தேகம் பல வழக்குகளை வளர்த்தது. 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தீர்த்து வைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியது இல்லை என்று தீர்ப்புக் கூறியது. 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினைகளை இந்தத் திருத்தம் கலைக்காது.

கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு. அவர்கள் அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வாரிசுகள் செய்யவேண்டிய முதல் வேலை, வாரிசுச் சான்றிதழ் வாங்குவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்துக் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு பட்டாவில் பெயர் மாற்றக் கேட்கலாம். வழக்கு வரைக்கும் போகவேண்டி வந்தால், பெண்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகவேண்டும். வருமானம் எவ்வளவு என்ற நிபந்தனை பெண்களுக்குக் கிடையாது.

நாலாவது விரல்

இதையெல்லாம் எனக்குத் தெரிந்தவரையில் பாட்டியிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“அப்போ மூணு பங்கு. நான், பெரியவன், சின்னவன்” என்று விரல்களை மடக்கினார்.

“மகள் யாரும் இல்லையா பாட்டி?”

“இருக்குறா. பாலக்கோட்டிலே குடுத்திருக்கோம். அவ அடுத்த வீட்டுக்குப் போனவளாச்சே தம்பி. அவளை எதுக்கு இதிலே இழுக்கிறது?”

நான் பதில் சொல்லவில்லை. பாட்டி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சற்று முன்னால்தான், “என் பேர் எங்கேயும் இல்லே” என்று வருந்தினார். இப்போது அவரே இன்னொரு பெயரை விடப் பார்க்கிறார்! இது அவருடைய குற்றம் ஒன்றும் இல்லை. மகளைப் “பிறர் வீட்டுச் சொத்து” என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். மனிதரைச் சொத்து என்று சொன்னால், அந்த மனிதருக்குச் சொத்தில் பங்கு எப்படி நினைவுக்கு வரும்?

அதியமானின் கல்வெட்டு

இந்தத் தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதையைக் குழந்தையும் அறியும். உண்டவருக்கு நீண்ட ஆயுள் தரும் கனி என்பார்கள். கையில் இருந்த கனி அவனுக்கே சொந்தம். அதை யாரும் கேட்கவில்லை. அவனாகக் கொடுத்தான்.

அந்த மன்னன் பெயரோடு ஒரு பழைய கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பை என்ற ஊரில், 1981-ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அது. ஒரே ஒரு வரிதான். அதியன் நெடுமான் அஞ்சி ஒரு தங்குமிடத்தைக் கொடுத்தான் என்று அது சொல்கிறது. அவன் எவ்வளவு நாட்டுக்குச் சொந்தக்காரன் என்று அந்தக் கல் சொல்லவில்லை. என்ன கொடுத்தான் என்பதை மட்டும் சொல்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தன் கையில் இருப்பதைத்தான் ஒருவர் கொடுக்க முடியும். பாட்டியின் பெயரில் நிலம் வந்தால்தானே, பேரப் பிள்ளைக்கு அவர் ஏதாவது கொடுக்க முடியும்? மகளின் பெயர் பட்டாவில் ஏறினால்தானே, “எனக்கு வேண்டாம் அண்ணா, நீயே வைத்துக்கொள்” என்று அவள் மனமாரச் சொல்ல முடியும்? கேட்காமலே விட்டுவிட்டு, “அவள் விட்டுக்கொடுத்தாள்” என்று நாம் பெருமை பேசினால் அது கொடை ஆகுமா?

பென்னாகரம் வந்துவிட்டது. பாட்டி இறங்கினார். தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த இ-சேவை மையம் வரையில் நானும் துணைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், “வாரிசு எத்தனை பேர் ஆயா? பேரைச் சொல்லுங்க” என்று கேட்டாள்.

பாட்டி தன் பெயரைச் சொன்னார். பெரிய மகன் பெயரைச் சொன்னார். சின்ன மகன் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டே போனாள்.

“அவ்வளவுதானா?”

பாட்டி ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு நாலாவது விரலையும் மடக்கினார்.

“இன்னும் ஒண்ணு எழுதிக்கோ கண்ணு. எனக்கு ஒரு மக இருக்குறா.”

“எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்” என்பதைத்தான் தம் பேச்சில் அப்படிச் சொன்னார். “எனக்கு” என்பதை அன்று புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன்.

வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். பெட்டியில் இருக்கும் பத்திரத்தையும் பட்டாவையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். அதில் யார் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று சத்தமாகப் படியுங்கள். வீட்டில் உள்ள பெண்களும் கேட்கட்டும்.